தெலுங்கு பேசிய வீட்டு புரோக்கர்

தூத்துக்குடியில் எனக்கு வீடு பார்த்துக் கொடுத்த மனிதரைப் பற்றி நான் பாதிக் கதைதான் சொல்லியிருக்கிறேன். கல்யாண வீடுகளில், ரயிலில், ஓய்வுபெற்ற பிறகு பூங்கா பெஞ்சில் என்று பல தடவை சொன்னேன். அவர் எனக்கு வீடு பிடித்துத் தந்ததோடு நிறுத்திவிடுவேன். கேட்பவர்கள், "சொந்த பாஷைன்னா அது தனிதான்" என்பார்கள். நானும் தலையை ஆட்டுவேன். மீதியைச் சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று பயம். வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது, இனி நினைத்துக்கொள்ளட்டும்.

எழுபதுகளின் முன்பாதி அது. புதுத் துறைமுக வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கே ஓர் ஒப்பந்தக்காரரிடம் எனக்குக் குமாஸ்தா உத்தியோகம். எட்டயபுரத்துக்குக் கிழக்கே கரிசல் காட்டு ஊர் என்னுடையது. எங்களுக்கு வீட்டுக்குள் தெலுங்கு, வாசலுக்கு வெளியே தமிழ். எழுதப் படிக்கத் தெரியாத தெலுங்கு அது, ஆந்திராக்காரன் கேட்டால் சிரிப்பான். ஆனாலும் எனக்குக் கோபம் வந்தாலும் காய்ச்சல் வந்தாலும் வாயில் வருவது அந்தப் பேச்சுதான்.

நாலு மாதமாக லாட்ஜில் கிடந்தேன். மனைவி கைக்குழந்தையோடு அவள் தாய்வீட்டில் இருந்தாள். அங்கே அண்ணிமார் இரண்டு பேர். அவள் கடிதத்தில் ஒரு குறையும் எழுதமாட்டாள். "வீடு கிடைத்ததா?" என்ற ஒரு வரி மட்டும் எல்லாக் கடிதத்திலும் இருக்கும். அந்த ஒரு வரியில் எல்லாம் எனக்குப் புரிந்தது. ஆனி பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. ஆடி வந்துவிட்டால் யாரும் பால் காய்ச்சிக் குடிபோக மாட்டார்கள், பிறகு ஆவணிதான். அதுவரை அவளை அங்கே விட்டுவைக்க எனக்கு மனம் இல்லை.

துறைமுகத்தை நம்பி வந்த வெளியூர்க்காரர்களால் ஊர் நிரம்பிக் கிடந்தது. வீடு குதிரைக்கொம்பு. கிடைக்கிற வீட்டில் கிணறு உப்பு. நல்ல தண்ணீர்க் குழாய் உள்ள வீடு என்றால் வீட்டுக்காரர் நம்மை மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பார்.

அலுவலகத்தில் ஒருவர் சொல்லித்தான் அந்த புரோக்கரிடம் போனேன். ஒரு சைக்கிள் கடை வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருப்பார். ஐம்பது வயது இருக்கும். கழுத்துப் பொத்தான் வரை போட்ட வெள்ளைச் சட்டை, பையில் சின்ன டயரி, இடுப்பில் ஒரு சாவிக்கொத்து. அந்தச் சாவிக்கொத்துதான் அவருடைய பெருமை. மற்ற புரோக்கர்கள் வாசலில் நின்று குரல் கொடுத்து வீட்டுக்காரர் வரக் காத்திருக்க வேண்டும். இவரை நம்பி வியாபாரிகள் காலி வீட்டுச் சாவியையே கொடுத்து வைத்திருந்தார்கள். தானே பூட்டைத் திறந்து அடுப்படி வரை அழைத்துப்போய்க் காட்டுவார்.

முதல் நாள் இரண்டு வீடு பார்த்தோம், இரண்டுமே தேறவில்லை. மூன்றாவது வீட்டில் நிலைப்படி என் நெற்றியில் இடித்தது. வெயில், பசி, எரிச்சல். "ஈ இன்ட்லோ எட்ல உண்டேதி?" என்று எனக்குள் முணுமுணுத்தேன். இந்த வீட்டில் எப்படி இருப்பது என்று அர்த்தம். யாரிடமும் சொல்லவில்லை, சுவரிடம்தான் சொன்னேன்.

"ஒத்தப்பா. வேற இல்லு சூபிஸ்தா" என்று பின்னாலிருந்து பதில் வந்தது. வேண்டாமப்பா, வேறு வீடு காட்டுகிறேன் என்றார். எங்கள் ஊர்த் தெலுங்கு. அதே இழுப்பு.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை, வாய் தவறிய ஆளின் முகம்தான் இருந்தது. அதை நான் இப்போது சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு எதுவும் கண்ணில் படவில்லை. நாலு மாதமாகப் பேசாத பேச்சு அணை உடைந்த மாதிரி வந்தது. எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், இங்கே எப்போது வந்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே போனேன். (நாங்கள் பேசியது தெலுங்கில், இங்கே தமிழில் எழுதுகிறேன்.)

"எங்க அப்பா காலத்துலயே இங்க வந்தாச்சு" என்றார். அந்த வீட்டைப் பூட்டிச் சாவிக்கொத்தை இடுப்பில் செருகினார்.

எங்கள் ஜனத்தில் ஒரு வழக்கம். முன்பின் தெரியாத பெரியவரானாலும் நம் ஆள் என்று தெரிந்துவிட்டால் உடனே முறை வைத்துக் கூப்பிடுவோம். நான் அவரை "மாமா" என்றேன்.

"அண்ணாச்சின்னே சொல்லுப்பா. இங்க எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுதாங்க."

"அதெல்லாம் முடியாது. நீங்க எனக்கு மாமாதான்" என்று சொல்லி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு காப்பிக் கடைக்குப் போனேன். அவர் ஒரு டம்ளர் காப்பியை நின்றுகொண்டே குடித்தார். அடக்கமான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரிலேயே கடைசித் தெருவுக்கும் அந்தப் பக்கம் ஒரு தெரு இருந்தது. அங்கே இருந்தவர்களும் தெலுங்குதான் பேசினார்கள். எங்கள் களத்தில் வேலை செய்தார்கள், எங்கள் வாசலில் கூழ் வாங்கிக் குடித்தார்கள், எங்கள் பேச்சையே பேசினார்கள். இது எனக்குத் தெரியாத சங்கதியா? பிறந்ததிலிருந்து கேட்டது. ஆனால் தெலுங்கு பேசும் ஒரு மனிதர் வெள்ளைச் சட்டையும் சாவிக்கொத்துமாக எதிரே நின்றபோது அந்தத் தெரு என் ஞாபகத்துக்கு வரவே இல்லை. அவர்களை நான் ஒருநாளும் ஆள் கணக்கில் சேர்த்ததே இல்லை என்பதுதான் நிஜம்.

அதற்குப் பிறகு அவர் எனக்காக அலைந்தது வேறு மாதிரி. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் துறைமுக வாசலுக்கே சைக்கிளில் வந்து நிற்பார். "ஒரு வீடு காலியாகுது, வா" என்பார். ஒருநாள் உப்பு வியாபாரி ஒருவருடைய வீட்டின் பின்கட்டைக் காட்டினார். இரண்டு அறை, தனி அடுப்படி, காற்று வரும் ஜன்னல், வாசலிலேயே நல்ல தண்ணீர்க் குழாய். பார்த்த உடனே என் மனைவி அந்த அடுப்படியில் நிற்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

வியாபாரியைப் பார்க்க அவர் உப்பு மூட்டை அடுக்கி வைத்திருக்கும் கிட்டங்கிக்குப் போனோம். அவர் என்னிடம் பேசாமல் புரோக்கரிடம் கேட்டார்.

"தம்பி யாரு வே? முன்னால இருந்தவன் சொல்லாம கொள்ளாம ஓடிப்போனான். எனக்கு ஆளு முக்கியம், பாத்துக்கிடும்."

"விசாரிச்சுட்டேன் முதலாளி. ஏர் வச்சு வெள்ளாமை பாக்குற குடும்பம். எதுன்னாலும் என்னைக் கேளுங்க. நான் பொறுப்பு" என்றார் புரோக்கர்.

அத்தோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். சந்தோஷத்தில் முந்திரிக்கொட்டையாக நடுவில் புகுந்தேன். "அண்ணாச்சி, அவங்க எங்களுக்கு மாமா முறை. எங்க பேச்சு, எங்க ஆளு. பால் காய்க்கிற அன்னிக்கு நிறைகுடம் எடுத்து வைக்கிறதே அவங்கதான்."

"அப்படியா சங்கதி! இத்தன வருசமாப் பழகுதீரு, சொல்லவே இல்லியே வே!" என்று வியாபாரி சிரித்தார். புரோக்கர் சிரிக்கவில்லை. குனிந்து சைக்கிளின் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

ஆனி கடைசி வாரத்தில் நாள் குறித்தேன். என் மாமா முறை உள்ளவர்கள் எல்லாம் விதைப்புக்கு நிலத்தைத் தயார் செய்யும் வேலையில் ஊரில் இருந்தார்கள். அதனால் இவரும் இவர் மனைவியும்தான் நிறைகுடத்தோடு முதலில் படி ஏற வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். கேட்டபோதெல்லாம், "நமக்கு எதுக்குப்பா அது? நீங்க புருஷன் பொண்டாட்டி காய்ச்சுங்க" என்றார். முறைப்படி வீட்டுக்கு வந்து வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிடவில்லை என்று நினைக்கிறார் போல என்று நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆத்தூர் வெற்றிலை ஒரு கவுளி, பாக்கு, பழம், தேங்காய், குங்குமம் எல்லாம் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, அவர் வீடு எங்கே என்று சைக்கிள் கடைக்காரரிடம் கேட்டேன்.

அவர் பஞ்சர் ஒட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "எதுக்கு? நாளைக்கு இங்கனதான் வருவாரே" என்றார். நான் விடவில்லை. வேண்டா வெறுப்பாக வழி சொன்னார்.

அந்தச் சந்துக்குள் நுழைந்ததும் என் காதில் தெலுங்கு விழுந்தது. தெருக்குழாயில் குடத்துக்குச் சண்டை, ஒரு பெண் பிள்ளையை அதட்டுவது, யாரோ சிரிப்பது, எல்லாம் தெலுங்கு. ஒரு நிமிஷம் ஊருக்கே வந்துவிட்ட மாதிரி நெஞ்சு நிறைந்தது. அடுத்த நிமிஷம் சுவரில் சாய்த்து வைத்திருந்த நீளக் கைப்பிடித் துடைப்பங்களைப் பார்த்தேன். தள்ளுவண்டிகளைப் பார்த்தேன். நகராட்சியில் தெருக் கூட்டுகிறவர்களுக்குக் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகள் அவை.

திரும்பிப் போயிருக்கலாம். அதற்குள் ஒரு வீட்டு வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். சட்டை இல்லாமல், தோளில் துண்டோடு. என் கையில் இருந்த பையையும் மேலே தெரிந்த வெற்றிலையையும் பார்த்தார்.

அவர் மனைவி அப்போதுதான் வேலை முடிந்து வந்திருக்க வேண்டும், நகராட்சிச் சேலையில் இருந்தார். என்னைப் பற்றிப் புரோக்கர் வீட்டில் பேசியிருக்கிறார் என்பது அந்த அம்மாள் முகத்திலேயே தெரிந்தது. "ரா நாயனா, ரா, கூச்சோ" என்றார். வாப்பா, உட்கார் என்று எங்கள் அம்மா சொல்வது போலவே சொன்னார். உள்ளே ஓடி ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். செம்பு புளி போட்டுத் துலக்கிப் பளபளவென்று இருந்தது.

நான் அதை வாங்கவில்லை. "இல்ல, அவசரமாப் போகணும். சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றேன். அதையும் தமிழில் சொன்னேன். அந்த அம்மாளின் கை அப்படியே நீட்டியபடி கொஞ்ச நேரம் இருந்தது. இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுவது அங்கேதான்.

புரோக்கர் சந்து முனை வரை கூடவே வந்தார். "கோபமா?" என்று கேட்டார். கோபப்பட வேண்டியவர் அவர், என்னைக் கேட்கிறார்.

"அன்னிக்கு உன் வாயில அந்தப் பேச்சைக் கேட்டதும் எனக்கு வாய் அடங்கலப்பா. தப்பு என் மேலதான்" என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "நீ பால் காய்ச்சு, பிள்ளையைக் கூட்டிட்டு வா. அந்த உப்பு முதலாளிகிட்ட மட்டும் என்னைப் பத்தி ஒண்ணும் சொல்லிராத. நாலு வீட்டுச் சாவி என் கையில இருக்கிற வரைக்கும்தான் எனக்கு இந்தத் தொழில்" என்றார்.

"சொல்ல மாட்டேன்" என்றேன். அப்போது மனதாரத்தான் சொன்னேன். ஆனால் மாமா என்று சொல்ல நாக்கு வரவில்லை. வெற்றிலைப் பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பால் காய்ச்சும் அன்று விடியற்காலையில் மனைவியும் குழந்தையும் வந்து இறங்கியிருந்தார்கள். நிறைகுடத்தை அவளே எடுத்து வைத்தாள். வியாபாரியின் மனைவி அவளோடு அடுப்படியில் இருந்தார். நான் முன்னறையில் வியாபாரிக்குத் தாம்பூலத் தட்டை நீட்டினேன். அந்த ஆத்தூர் வெற்றிலையைத்தான் ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்து எடுத்து வைத்திருந்தேன்.

அவர் ஒரு வெற்றிலையை எடுத்துத் தொடையில் துடைத்துக்கொண்டே, "உங்க மாமாவ எங்க காணோம்? நெறகொடம் அவருதான் வைப்பாருன்னு சொன்னீய?" என்று கேட்டார்.

வேலையாகப் போயிருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். ஆயிரம் பொய் இருந்தது. "அவரு மாமா இல்ல அண்ணாச்சி" என்றேன்.

"சொந்தம்னு நீங்கதான சொன்னீய? ரெண்டு பேரும் ஒரே பாசைதான பேசுதீய?"

அவர் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன கேள்வி இருந்தது என்று எனக்குத் தெரிந்தது. நாளைக்குப் புரோக்கரைப் பற்றி வேறு யாராவது சொன்னால், எங்க ஆளு என்று சொன்ன என் வாயே என்னையும் அந்தச் சந்தில் கொண்டுபோய் வைத்துவிடும். வீடு போகும். அடுப்படியில் பால் பொங்கி, மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. பயத்தில் என் புத்தி எங்கே போனதோ, "பாஷை ஒண்ணுதான் அண்ணாச்சி. நாங்க வேற, அவங்க வேற" என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை. சந்து, வரிசை வீடுகள், மனைவியின் வேலை, எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கேட்காததையும் சொன்னேன்.

வியாபாரி, புரோக்கருடைய சாதிப் பெயரைச் சொல்லி ஒரு வசவு வைதார். அதை நான் இங்கே எழுத மாட்டேன். "அடுப்படி வரைக்கும்லா வந்து போயிருக்கான்" என்றார். பிறகு எழுந்து உள்பக்கம் பார்த்து, "குடி வார வீடு, ஒருதரம் நல்லாக் கழுவி விட்ருவோம்" என்று குரல் கொடுத்தார்.

என் மனைவிக்கு ஒன்றும் தெரியாது. கடற்கரைப் பக்கத்து வழக்கம் என்று நினைத்துக்கொண்டாள். பிள்ளையை வியாபாரியின் மனைவியிடம் கொடுத்துவிட்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, அடுப்படியிலிருந்து வாசல் வரை சந்தோஷமாகத் தேய்த்துக் கழுவினாள். கிணற்றிலிருந்து வாளி வாளியாக இறைத்துக் கொடுத்தவன் நான்.

ஆடி பாதி ஆவதற்குள் செய்தி கடைத்தெரு முழுக்கப் பரவிவிட்டது. வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக அவரிடம் வந்து சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். பெஞ்சு காலியாகக் கிடந்ததைப் பார்த்து, தெரியாதவன் போல சைக்கிள் கடைக்காரரிடம் கேட்டேன்.

"எவனோ ஒரு புண்ணியவான் போட்டுக் குடுத்துட்டான் சார். நானுந்தான் பன்னெண்டு வருசமாத் தெரிஞ்சும் வாயத் தொறக்கல. அவரும் என்ன செய்வாரு, பொண்டாட்டிக்கு முடியாமப் போச்சு, அவ வேலைக்கு இவரு போறாரு" என்றார். "அப்படியா" என்றேன். அதன்பிறகு அந்தக் கடை வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போனேன்.

புரோக்கரிடம் போய்க் காலில் விழ வேண்டும் என்று பல நாள் கிளம்பினேன். பாதி வழியில் ஏதாவது ஒரு சாக்கு அகப்படும். கோழை என்பதற்கு என்னை விட நல்ல உதாரணம் கிடையாது.

கார்த்திகை மாதம் இரண்டு நாள் விடாமல் மழை. எங்கள் தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டது. மூன்றாம் நாள் காலை நகராட்சி ஆட்கள் இரண்டு பேர் வந்து அள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். என் மனைவி வாசலில் பிள்ளைக்கு வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தவள், ஓட்டமாக உள்ளே வந்தாள். கண் இரண்டும் விரிந்திருந்தது.

"வெளிய ஒருத்தர் நம்ம பேச்சு பேசுறாரு! நம்ம ஊரு இழுப்பு அப்படியே இருக்கு!"

வந்து ஐந்து மாதத்தில் என்னையும் பிள்ளையையும் தவிர வேறு யாரிடமும் அவள் தெலுங்கு பேசியதில்லை. நான் தடுப்பதற்குள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மறுபடியும் வாசலுக்குப் போய்விட்டாள். அவர் என்ன வேலை செய்கிறார், யாராக இருக்கும் என்றெல்லாம் அவள் ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"அன்னா, மீதி ஏ ஊரு?" அண்ணா, உங்களுக்கு எந்த ஊர் என்று அவள் கேட்டது எனக்குக் கேட்டது.

சோப்பு நுரையோடு அவள் பின்னால் போய் நின்றேன். முழங்கால் வரை சேறும் கையில் மண்வெட்டியுமாக நின்றவர் நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார், இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்தார். எந்தப் பிள்ளை வருவதற்காகத் துறைமுக வாசலில் வெயிலில் வந்து நின்றாரோ, அந்தப் பிள்ளை. பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன கேக்கீயன்னு வெளங்கலியம்மா. எனக்குத் தமிழு மட்டுந்தான் தெரியும்" என்றார். குனிந்து மறுபடியும் அள்ள ஆரம்பித்தார்.

அவள் திகைத்துப் போய் என் பக்கம் திரும்பினாள். "என் காதால கேட்டேனே, இப்பத்தான் பேசினாரு. ஏன் இல்லேங்கிறாரு?"

அவர் காதில் விழும் தூரத்தில்தான் நின்றிருந்தோம்.

"உனக்குத் தப்பாக் கேட்டிருக்கும். உள்ள வா" என்றேன்.